குயில்ட் சொல்லித்தருபவர் எப்படி இருக்க வேண்டும்?

நூலிழை (கோவை)

வணக்கம். போன வருடம் ஆறு சனிக்கிழமைகள் குயில்ட் வகுப்புக்கு, அதாவது துணித்துண்டுகளைச் சேர்த்துப் போர்வை, உறை தைக்கும் ஒட்டுத்துணித் தையல் வகுப்புக்குப் போய்வந்தேன். கடைசி நாளில் காற்றாடி வடிவம் வைத்த குஷன் உறை ஒன்று கையில் இருந்தது. நான்கு சதுரம், ஒவ்வொன்றிலும் இரண்டு முக்கோணம், எட்டும் நடுவில் ஒரே புள்ளியில் கூடும். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் அதை எடுத்துப் பார்த்து, "நீங்களா தைத்தீர்கள்?" என்று கேட்கிறார்கள். "ஆமாம்" என்று சொல்லும் ஒவ்வொரு தடவையும் எனக்குத் தொண்டை அடைக்கிறது. ஏனென்றால் அந்த நடுப்புள்ளியை நான் தைக்கவில்லை. மூன்று முறை தைத்தேன், மூன்று முறையும் முனைகள் விலகின. ஆசிரியர் அன்பாகத்தான் வாங்கினார். பிரித்தார், தன் மிஷினில் வைத்து இரண்டே நிமிடத்தில் முடித்துக் கொடுத்துவிட்டார்.

வீட்டில் நானே இன்னொன்று செய்யலாம் என்று உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. எனக்கு ஒன்றும் தெரியாது. எது தப்பு என்றுகூடத் தெரியாது.

இப்போது எங்கள் குடியிருப்பில் ஆறு பெண்கள் என்னிடம் கற்றுக்கொள்ள வேண்டும் என்கிறார்கள். ஆசை இருக்கிறது. எனக்கு நேர்ந்தது அவர்களுக்கு நேரக்கூடாது என்ற பயமும் இருக்கிறது. உங்களுக்கு நன்றாகச் சொல்லித்தந்தவர்கள் என்ன செய்தார்கள்? தயவுசெய்து விரிவாக எழுதுங்கள்.

கத்தரி மாஸ்டர் (மதுரை)

சகோதரி, நான் தையல் கடையில் காஜா எடுக்கும் பையனாகப் பன்னிரண்டு வயதில் சேர்ந்தவன். இரண்டு வருடம் எனக்கு யாரும் வாயால் எதுவும் சொல்லவில்லை. மாஸ்டர் வெட்டுவார், நாங்கள் சுற்றி நின்று பார்ப்போம். கத்தரி எந்த இடத்தில் நிற்கிறது, எந்த இடத்தில் ஓடுகிறது என்று கண் தானாகப் படித்துக்கொண்டது. அதனால் உங்கள் ஆசிரியர் துணியை வாங்கித் தைத்ததை நான் குற்றம் சொல்லமாட்டேன். கையைப் பார்க்காமல் கை வராது.

ஆனால் ஒன்று கேட்கிறேன். அவர் தைக்கும்போது நீங்கள் எங்கே நின்றீர்கள்? அவர் கை உங்களுக்குத் தெரிந்ததா?

நூலிழை (கோவை)

மேசைக்கு எதிர்ப்பக்கம் நின்றேன் ஐயா. அவருடைய தலையும் மிஷினின் விளக்கும்தான் தெரிந்தன.

வாய்ப்பாடு (தஞ்சாவூர்)

நான் கணக்கு ஆசிரியையாக 31 வருடம் இருந்து ஓய்வு பெற்றவள். குயில்ட் தைக்கத் தொடங்கி ஏழு வருடம் ஆகிறது. உங்கள் காற்றாடியின் நடுப்புள்ளி விலகியதற்குக் காரணம் நடுப்புள்ளியில் இல்லை. பிள்ளைகள் பெருக்கலில் தவறு செய்தால் கடைசி வரியை மட்டும் அழித்துத் திருத்திக் கொடுப்பது எவ்வளவு பயனற்றதோ, அதேதான் உங்களுக்கு நடந்திருக்கிறது.

இந்தத் தையலில் எல்லாமே கால் இஞ்சில் நிற்கிறது. மடிப்புக்கு விடும் துணி கால் இஞ்ச், அதாவது இரண்டு நூல். (தச்சர்களும் தையற்காரர்களும் இஞ்சை எட்டு நூலாகப் பிரிப்பார்களே, அந்த நூல்.) ஒரு வரிசையில் ஒன்பது கட்டங்கள் என்றால் எட்டு இணைப்புகள். ஒவ்வொரு துண்டிலும் அரை நூல் கூடுதலாக உள்ளே போனால் இணைப்புக்கு ஒரு நூல் போகிறது. எட்டு இணைப்புக்கு எட்டு நூல். ஒரு முழு இஞ்ச் காணாமல் போய்விடும். அடுத்த வரிசையை வேறொருத்தி சரியாகத் தைத்திருந்தால் இரண்டும் எப்படிச் சேரும்?

எனக்குச் சொல்லித்தந்த அம்மா முதல் நாள் எந்த வடிவத்தையும் தொடவிடவில்லை. ஒன்றரை இஞ்ச் அகலத்தில் மூன்று பட்டைகள் வெட்டச் சொன்னார். மூன்றையும் பக்கம் பக்கமாகச் சேர்த்துத் தைத்து, இஸ்திரி வைத்து, அளக்கச் சொன்னார். மொத்த அகலம் மூன்றரை இஞ்ச் வர வேண்டும், நடுப்பட்டை மிகச் சரியாக ஒரு இஞ்ச் வர வேண்டும். எனக்கு நடுப்பட்டை முக்காலே அரைக்கால், அதாவது ஏழு நூல்தான் வந்தது. "எங்கே போனது அந்த ஒரு நூல்?" என்று கேட்டார். பதில் சொல்லவில்லை. கேட்டுவிட்டு அடுத்த மாணவியிடம் போய்விட்டார்.

பத்து நிமிடம் அந்தத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பிறகுதான் புரிந்தது. துணியை அழுத்திப் பிடிக்கும் மிஷின் ஃபுட்டின் வலது ஓரத்தைக் கால் இஞ்ச் என்று நம்பித் துணியை அதற்கு ஒட்டித் தள்ளியிருந்தேன். என் மிஷினில் ஊசியிலிருந்து அந்த ஓரம் கால் இஞ்சுக்கு அரை நூல் கூடுதலான தூரத்தில் இருந்தது. நான் அதைக் கண்டுபிடித்துச் சொன்னதும் அவர் ஒரு ஸ்கேலை ஊசிக்கு அடியில் வைத்தார். சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றி ஊசி நுனியைக் கால் இஞ்ச் கோட்டின் மேல் இறக்கினார். ஸ்கேலின் ஓரத்தை ஒட்டி மிஷின் தகட்டின் மேல் ஒரு துண்டு பிளாஸ்திரியை நீளவாக்கில் ஒட்டினார். "இனிமேல் துணி இந்தச் சுவரை உரசிக்கொண்டு போகட்டும்" என்றார். அந்தப் பிளாஸ்திரியை இன்று வரை நான் எடுக்கவில்லை. அழுக்கானால் புதிது ஒட்டிக்கொள்கிறேன்.

இன்னொன்றும் சொல்லித்தந்தார். கோட்டின் மேலேயே தைத்தாலும் துணி மடியும் இடத்தில் அதன் தடிமன் கொஞ்சம் தின்றுவிடும். ஆகவே இரண்டு நூலுக்கு ஒரு மயிரிழை குறைவாகத்தான் தைக்க வேண்டும். இதை வாயால் சொன்னால் யாருக்கும் ஏறாது. மூன்று பட்டைச் சோதனையைத் திரும்பச் செய்தால் கைக்குத் தெரியும்.

நல்ல ஆசிரியர் என்றால் எனக்கு அவர்தான். நான் தவறு செய்ததை அவர் பார்த்த மறுகணமே சொல்லியிருக்கலாம். தவறு எந்த இடத்தில் பிறந்தது என்று நானே தேடிப் போகும் வழியைக் கொடுத்தார். இப்போது எந்தக் கட்டம் கோணினாலும் நான் யாருக்கும் போன் செய்வதில்லை. மூன்று பட்டை வெட்டுகிறேன்.

இடக்கை (சென்னை)

நான் இடதுகைப் பழக்கம் உள்ளவள். இரண்டு வகுப்புகளில் "அப்படியே மாற்றி யோசித்துக்கொள்" என்று சொல்லிவிட்டார்கள். மாற்றி யோசிக்கத் தெரிந்தால் நான் ஏன் வகுப்புக்குப் போகிறேன்? மூன்றாவதாக ஒருவர் கைத்தையல் சொல்லித்தந்தார். எல்லாரையும் தன் பக்கத்தில் உட்கார வைத்தவர், என்னை மட்டும் எதிரே முழங்காலோடு முழங்கால் முட்டும்படி உட்கார வைத்தார். அவர் வலதுகை எனக்குக் கண்ணாடியில் தெரியும் என் இடதுகை போல ஆயிற்று. ஒரே மாலையில் ஓட்டுத்தையல் வந்துவிட்டது.

ஸ்கேலை ஒட்டி உருட்டித் துணி வெட்டும் வட்டக் கத்தியிலும் அவர்தான் கவனித்தார். பெரும்பாலான கத்திகளில் பிளேடு ஒரு பக்கம்தான் பொருத்தப்பட்டிருக்கும். என்னுடையதைக் கழற்றி மறுபக்கம் மாட்ட முடியும் என்று காட்டினார். அதுவரை பிளேடு ஸ்கேலை ஒட்டாமல் நழுவியதை என் கைக்கோளாறு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

நூலிழை அக்கா, உங்கள் ஆறு பேரில் இடக்கைக்காரர் இருக்கிறாரா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

வெளிக்கரை (ஹூஸ்டன்)

நான் இருக்கும் ஊரில் ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் பெரிய குயில்ட் விழா நடக்கும். பல நாடுகளிலிருந்தும் ஆசிரியர்கள் வருவார்கள். ஒரே வகுப்பில் இருபது, இருபத்தைந்து பேர் உட்காருவோம். இத்தனை வருடத்தில் நான் கவனித்தது இது. பெயர் பெற்ற கலைஞர்கள் எல்லாரும் நல்ல ஆசிரியர்கள் அல்லர். சிலர் மூன்று மணி நேரமும் தங்கள் போர்வைகளைக் காட்டுவார்கள். அழகாக இருக்கும். வீட்டுக்கு வரும்போது கை வெறுமையாக இருக்கும்.

நான் மறுபடி மறுபடி போகும் ஓர் ஆசிரியை ஒரு கட்டத்தை ஏழு நிலைகளாகத் தைத்து, ஏழையும் தனித்தனி அட்டையில் குத்திக் கொண்டுவருவார். வெட்டியது, ஒரு தையல் போட்டது, இஸ்திரி செய்தது என்று வரிசையாக இருக்கும். பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கலாம், தொடலாம். எந்த நிலையில் இருக்கிறோம் என்று குழம்பினால் எழுந்து போய் அந்த அட்டையோடு நம் துண்டை ஒப்பிட்டுக்கொள்ளலாம். மாஸ்டர் ஐயா சொன்ன "கையைப் பார்ப்பது" இதில் பாதி வந்துவிடுகிறது. ஆசிரியர் மறுபக்கம் இருக்கும்போதும் பார்க்கலாம் என்பது இதில் கூடுதல்.

காற்றாடியின் நடுவில் மேடு தட்டும் பிரச்சினைக்கும் அவர் அட்டை வைத்திருந்தார். நூலிழை, இது உங்களுக்கு உதவும். நடுத்தையலைப் போட்டபிறகு பின்பக்கம் திருப்புங்கள். மடிப்புத் துணிக்குள் மட்டும், குறுக்கே போகும் பழைய தையலில் இரண்டு மூன்று கண்ணியைப் பிரியுங்கள். பிறகு நான்கு மடிப்புகளையும் ஒரே திசையில் சுழன்று படுக்கும்படி விரலால் விரித்துவிட்டு இஸ்திரி வையுங்கள். நடுவில் மேடு அமுங்கிவிடும். பின்பக்கத்தில் விரல்நகம் அளவுக்கு ஒரு குட்டிக் காற்றாடி தோன்றும்.

சேலைக்கரை (பெங்களூரு)

அளவைப் பற்றியே எல்லாரும் பேசுகிறீர்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் சித்தி மக்கள் தைக்கும் கவந்தி என்ற ஒட்டுத்துணிப் போர்வையைப் பார்த்திருக்கிறீர்களா? ஆப்பிரிக்காவிலிருந்து பல நூற்றாண்டுகளுக்கு முன் இந்தியாவுக்கு வந்தவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். எல்லாப்பூர் பக்கம் ஒரு வீட்டுத் திண்ணையில் பாட்டி ஒருவர் தைப்பதை அரைநாள் உட்கார்ந்து பார்த்தேன். ஸ்கேல் இல்லை, டேப் இல்லை. பழைய சேலையை அடியில் விரித்து ஒரு மூலையிலிருந்து தொடங்கினார். கிழிந்த சட்டை, பாவாடை, பள்ளிச் சீருடைத் துண்டுகளை ஓரம் மடித்து வைத்து, சுற்றிச் சுற்றி ஓட்டுத்தையல் போட்டுக்கொண்டே நடுவை நோக்கிப் போனார். அந்தத் தையலேதான் துண்டையும் பிடிக்கிறது, போர்வையின் எல்லா அடுக்குகளையும் பிடிக்கிறது. நான்கு மூலையிலும் துணியை முக்கோணமாக மடித்துப் பூ வைப்பார்கள். பூ இல்லாவிட்டால் போர்வை முடிந்ததாகக் கணக்கில்லை.

அங்கே "நடுப்பட்டை ஒரு இஞ்ச் வந்ததா?" என்று யாரும் கேட்பதில்லை. அந்தப் போர்வைகள் உயிரோடு இருக்கின்றன. முதல் நாளே பட்டையை அளக்கச் சொன்னால், நிறத்தின் மேல் ஆசைப்பட்டு வந்தவர்கள் திரும்பிப் போய்விடுவார்கள். எனக்குத் தெரிந்து இரண்டு பேர் அப்படிப் போயிருக்கிறார்கள்.

வாய்ப்பாடு (தஞ்சாவூர்)

சேலைக்கரை, அந்தப் பாட்டிக்கு அளவு இல்லை என்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஓரத்திலிருந்து நடுவுக்குச் சுற்றி வருபவர் கடைசியில் துணி பொங்காமல், இழுபடாமல் முடிக்கிறார் என்றால் அவர் கையில் கணக்கு இருக்கிறது. அது டேப்பில் இல்லை, அவ்வளவுதான். ஒவ்வொரு சுற்றிலும் உள்ளங்கையால் தடவிப் பார்த்திருப்பாரே?

சேலைக்கரை (பெங்களூரு)

ஆமாம். நீங்கள் கேட்டபிறகுதான் நினைவு வருகிறது. ஒவ்வொரு துண்டு முடிந்ததும் உள்ளங்கையை அழுத்தி வெளிப்பக்கமாக ஒரு தடவு தடவினார். பக்கத்தில் இருந்த பேத்தி தைத்ததையும் தடவிப் பார்த்தார். ஒரு இடத்தில் கை நின்றது. ஒன்றும் பேசவில்லை, பேத்தியின் கையை எடுத்து அந்த இடத்தில் வைத்தார். அவள் பிரித்தாள்.

ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் நிறத்தையும் விருப்பத்தையும் முதல் நாளே திறந்துவிட வேண்டும் என்பதில் மாறமாட்டேன்.

வெளிக்கரை (ஹூஸ்டன்)

சேலைக்கரை சொல்வதில் எனக்குப் பாதி உடன்பாடு. அலபாமா மாநிலத்தில் ஆறு மூன்று பக்கமும் வளைத்து ஓடும் ஜீஸ் பெண்ட் என்ற ஊரின் கறுப்பினப் பெண்கள் தைத்த போர்வைகள் 2002-இல் எங்கள் ஊர் அருங்காட்சியகத்திலும், பிறகு நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் வைக்கப்பட்டன. வயலில் உடுத்திக் கிழிந்த உடைகளால் தைத்தவை. கோடு வளையும், கட்டம் சாயும், பார்த்தால் நகர மனம் வராது. அம்மாவிடமும் பாட்டியிடமும் கற்றவர்கள் அவர்கள்.

அதே வட்டாரத்தில்தான் 1966-இல் பெண்கள் கூட்டுறவு ஒன்றைத் தொடங்கினார்கள். வெளியூர்க் கடைகளுக்கு ஆர்டர் எடுத்தபோது ஒன்றுபோல் ஒன்று இருக்கும்படி அளந்து தைக்க வேண்டியிருந்தது. அந்த வேலையில் மிஞ்சிய கார்டுராய்த் துணியை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தங்கள் மனம்போலத் தைத்தார்கள். இரண்டு கையும் ஒருவருக்கே இருக்க முடியும் என்பதற்கு அவர்களே சாட்சி. ஆகவே ஆறு வாரம் இருந்தால், சரிபார்க்கும் முறையை முதலில் கொடுத்துவிட்டு மீதி நாட்களைத் திறந்துவிடுங்கள்.

கத்தரி மாஸ்டர் (மதுரை)

எல்லாம் படித்தேன். என் அனுபவம் ஒன்றையும் எழுதுகிறேன். சட்டை தைப்பதில் எனக்கு 34 வருடம் ஆகிறது. பேத்திக்காக முதன்முதலில் முக்கோணம் வைத்த விரிப்பு ஒன்று தைத்தேன். கட்டம் எல்லாம் வில்போல வளைந்துவிட்டது. தையல் சரியாகத்தான் இருந்தது. என் இஸ்திரிதான் காரணம். கடையில் நாங்கள் பெட்டியை அழுத்தித் தள்ளுவோம். முக்கோணத்தின் நீண்ட பக்கம் துணியின் கிராஸில், அதாவது இழைகளுக்குச் சாய்வாகப் போகிறது, தள்ளினால் ரப்பர்போல இழுபடும். பெட்டியை வைத்து எடுக்க வேண்டும், ஓட்டக்கூடாது. அதேபோல் சட்டையில் மடிப்பை இரண்டு பக்கமும் விரித்துப் பழகியவன் நான். இதில் அடர்நிறப் பக்கமாகச் சாய்த்தால், அடுத்த வரிசை எதிர்ப்பக்கம் சாய்ந்து, இரண்டும் கொக்கிபோலக் கோத்துக்கொள்கிறது. குண்டூசிகூட வேண்டாம்.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. தொழில் தெரிந்தவனுக்குச் சொல்லித்தருவது கடினம், அவன் கை ஏற்கெனவே நிரம்பியிருக்கிறது. உங்கள் ஆறு பேரில் தைக்கத் தெரிந்தவர்கள் இருந்தால் அவர்களைத் தனியாகக் கவனியுங்கள்.

முதலில் நான் சொன்னதில் ஒன்றைத் திருத்திக்கொள்கிறேன். எங்கள் மாஸ்டர் எனக்குக் காட்டும்போது என் துணியை ஒருநாளும் தொட்டதில்லை. பக்கத்தில் ஒரு வெட்டுத்துணியை எடுத்து அதில்தான் செய்துகாட்டுவார். என் துணி என் கையிலேயே இருக்கும். நேற்று இரவு யோசித்தபோதுதான் இது ஞாபகம் வந்தது.

இடக்கை (சென்னை)

மாஸ்டர் ஐயா, கடைசி வரிகளை அச்செடுத்து என் மேசைக்கு மேலே ஒட்டிவிட்டேன்.

சேலைக்கரை (பெங்களூரு)

ஒரு சின்ன விஷயம், யாரும் சொல்லவில்லை. துணியை முன்கூட்டியே நனைக்கச் சொல்லாத ஆசிரியரிடம் போகாதீர்கள். சுங்குடி, கலம்காரி, ராஜஸ்தானின் பக்ரு அச்சுத்துணி எல்லாம் நம் கையில் எளிதாகக் கிடைக்கின்றன. சிவப்பும் நீலமும் சாயம் விடும். ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பார்த்துவிட்டு வெட்ட வேண்டும். ஒரு தோழி நான்கு மாதம் தைத்த வெள்ளைப் போர்வை முதல் துவைப்பில் இளஞ்சிவப்பாகிப் போனது. வகுப்பில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

நூலிழை (கோவை)

எல்லாருக்கும் நன்றி. நேற்று முதல் வகுப்பு முடிந்தது. நடந்ததை எழுதுகிறேன்.

சேலைக்கரை சொன்னதைக் கேட்டு முதல் அரைமணி நேரம் துணிகளைத் தரையில் கொட்டி, பிடித்த நிறங்களை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். பட்டை வெட்டுவதற்கும் அந்தத் துணியையே பயன்படுத்தினோம். யாரும் சோதனை என்று நினைக்கவில்லை. ஆறு பேரில் ஒருவருக்கு மட்டும் நடுப்பட்டை ஒரு இஞ்ச் வந்தது. மற்றவர்களுக்கு ஒரு நூல், இரண்டு நூல் குறைந்தது. "எங்கே போனது?" என்று கேட்டுவிட்டு நான் சமையலறைக்குப் போய் டீ போட்டேன். அங்கே நிற்பது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. போய்ச் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை வாசல்வரை வந்து திரும்பினேன். டீ கொண்டுவந்தபோது மூன்று பேர் ஸ்கேலை ஊசிக்கு அடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் இன்னொருவருக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

ஓர் அம்மா மட்டும் அழுகிற நிலைக்கு வந்துவிட்டார். "நீங்களே தைத்துக் கொடுத்துவிடுங்கள்" என்று துண்டை என் கையில் வைத்தார். என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று தெரியவில்லை. துண்டைத் திருப்பி அவர் மடியில் வைத்தேன். அவருடைய இடப்பக்கம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, வேறு துணியில் ஒரு பட்டையை மெதுவாகத் தைத்தேன். அவர் என் விரலைப் பார்த்துவிட்டு, "துணியை நீங்கள் பின்னாலிருந்து இழுப்பதில்லை" என்றார். அவர் இழுத்துக்கொண்டிருந்தார். எனக்கே அது தெரிந்திருக்கவில்லை.

இரவு எல்லாரும் தூங்கியபிறகு குஷன் உறையின் நடுவைப் பிரித்தேன். நூலைப் பிடுங்கக் கொஞ்சம் தயக்கமாக இருந்தது, அவ்வளவு நேர்த்தியான தையல். முக்கோணங்களை அளந்தேன். முடிந்த கட்டம் மூன்று இஞ்ச் என்றால் மூன்றே முக்காலே அரைக்காலில் வெட்ட வேண்டியதை நான் மூன்றே முக்காலில் வெட்டியிருக்கிறேன். நான்கையும் புதிதாக வெட்டித் தைத்தேன். பின்பக்கம் திருப்பி, வெளிக்கரை சொன்ன மாதிரி இரண்டு கண்ணி பிரித்து விரலால் விரித்தேன். குட்டிக் காற்றாடி வந்துவிட்டது. முன்பக்கத்தில் ஒரு முனை மட்டும் மயிரிழை விலகியிருக்கிறது. அதை அப்படியே விட்டுவிட்டேன்.

வாய்ப்பாடு அம்மா, ஒரு கேள்வி: மூன்று இஞ்ச் கட்டத்துக்கு ஏன் ஏழு நூல் கூடுதல்? இரண்டு பக்கமும் இரண்டிரண்டு நூல் என்றால் நான்குதானே வர வேண்டும்? அடுத்த சனிக்கிழமை நிச்சயம் யாராவது கேட்பார்கள்.

வாய்ப்பாடு (தஞ்சாவூர்)

ஒரு காகிதத்தில் முக்கோணம் வரைந்து, மூன்று பக்கமும் உள்ளே இரண்டு நூல் தள்ளிக் கோடு போடுங்கள். செங்கோண மூலையில் இரண்டு நூல்தான் போகும். கூர்முனையில் கோடு சாய்வாக வெட்டுவதால் எவ்வளவு போகிறது என்று அளந்து பாருங்கள். வரும் எண்ணை இங்கே எழுதுங்கள், பிறகு பேசுவோம்.

நூலிழை (கோவை)

ஐந்து நூலுக்குத் துளி குறைவு.